இரண்டாம் தரம் கேட்காத ஊர்

இந்த ஊரில் ஒருவரும் இரண்டாம் தரம் கேட்கமாட்டார்கள். வந்த புதிதில் எனக்கு இது பெரிய அதிசயம். அதிசயம் என்ன, வயிற்றெரிச்சல்! மொன்றியல் டவுன்டவுனில் புகைபோட்ட மாட்டிறைச்சி விற்கிற ஒரு ஸ்மோக்ட் மீட் கடையின் குசினியில் கோப்பை கழுவச் சேர்ந்த முதல்நாள், கூட வேலைசெய்த போர்த்துக்கேயக்காரன் டோனட் பெட்டியை நீட்டினான். நல்ல பசி. ஆனாலும் "நோ, தாங்க்ஸ்" என்றேன். எங்கட பழக்கத்தில் அது கதையின் தொடக்கம்தானே? அவன் "ஓகே" என்று பெட்டியை மூடிக்கொண்டு அடுத்தவனிடம் போய்விட்டான். நான் கையில் ஊத்தைக் கோப்பையோடு, போகிற டோனட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்கட ஊர் கோண்டாவிலில் அக்கா வீட்டுக்குப் போனால், "இப்பதான் சாப்பிட்டனான்" என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போகிறவன் நான். அத்தான் புட்டை அள்ளிக்கொண்டு வருவார். "காணும் அத்தான், காணும்" என்று கோப்பையைக் கையால் மறிப்பேன். "சும்மா இரடாப்பா" என்று என் விரல்களுக்கு மேலேயே போடுவார். மூன்று தரம் மறுப்பது விருந்தாளிக்கு அழகு, நாலாம் தரமும் போடுவது வீட்டுக்காரருக்கு அழகு. அத்தான் இப்போது இல்லை. சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிற இந்த நாட்களில் அக்கா அங்கே தனிய. டெலிபோன் கார்ட் போட்டு எடுத்து, "என்ன அனுப்ப?" என்று கேட்டால், "ஒண்டும் வேண்டாம், நீங்கள் சுகமா இருந்தால் காணும்" என்பா. அந்த "வேண்டாம்" கொஞ்சம் இழுபட்டால், முழங்கால் மருந்து முடிந்துவிட்டது என்று எனக்கு விளங்கிவிடும். திருப்பித் திருப்பிக் கேட்டு, கடைசியில் வாயைத் திறக்கப் பண்ணுவேன்.

எங்களுக்கு ஒரே மகள், தர்சினி. தாதிப் படிப்பு முடித்து, மொன்றியலில் இருந்து ஒன்றரை மணித்தியால ஓட்டத்தில் உள்ள ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரியில் ஆறு மாதத்துக்கு வேலை எடுத்துப் போனாள். ஆறு மாதமும் முடிகிறது. அங்கேயே நிரந்தரமாக நிற்பதா, சென்ட் லோரன்டில் எங்கட வீட்டுக்கு வந்து எங்களோடு இருந்துகொண்டு இங்கே வேலை தேடுவதா என்று திங்கட்கிழமை அவள் சொல்லவேண்டும். அதற்கு முதல்நாள் ஞாயிறு, நானும் மனுசியும் காரில் வெளிக்கிட்டோம். பிள்ளையைப் பார்க்கப் போகிறோம் என்று பேர். உண்மையில் கூட்டிக்கொண்டு வரத்தான் போனோம். மனுசி அவளுடைய அறைக்குப் புதுத் திரைச்சீலை வாங்கிப் போட்டாயிற்று.

மத்தியானம் எங்களைத் தேவாலயத்துக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனாள். பார்த்தால் வெளிக் கண்ணாடியில் ஸ்மோக்ட் மீட் படம். அட கடவுளே, இங்கேயுமா! கோப்பை கழுவியவன் பிறகு இறைச்சி வெட்டுகிறவனாகி, பதினொரு வருசம் அதை நாருக்குக் குறுக்கே வெட்டி, ரை பாணில் அடுக்கி, கடுகு பூசி ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். மாட்டிறைச்சி என்பதால் ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. ஆனால் கதவைத் திறந்ததும் ஆவியோடு வந்த மிளகு, கொத்தமல்லி வாசம் இருக்கிறதே, அது அக்கா ரசத்துக்கு இடிக்கிற வாசம்.

கடைக்காரி மதாம் லிசெட் அறுபது வயது தாண்டியவர். எங்கட பிள்ளையின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். எங்களுக்கு மாடு ஆகாது என்று மகள் சொல்ல, ஹாட் சிக்கன் வந்தது: வெள்ளைப் பாணுக்குள் கோழி, மேலே மண்ணிறக் குழம்பு, பக்கத்தில் பச்சைப் பட்டாணி. "காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாப்பாடு" என்று மனுசி முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே முழுவதையும் சாப்பிட்டாள்.

பிறகு மதாம், மேப்பிள் பாகில் ஊறிய சுடச்சுடக் கேக்கைத் தட்டில் கொண்டுவந்தார். மனுசிக்கு இனிப்பென்றால் உயிர். வெட்கச் சிரிப்போடு, "நோ, நோ, மெர்சி" என்றாள். மதாம் தலையாட்டிவிட்டுத் தட்டோடு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மனுசியின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

மகளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அம்மா, வேணுமெண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. இவை திருப்பிக் கேக்கமாட்டினம்."

"அப்ப எங்களுக்குத்தான் மரியாதை தெரியாதோ?"

"அப்பிடியில்லையம்மா. ஒராள் சொன்னதை அப்பிடியே நம்புறதுதான் இவையின்ர மரியாதை."

பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர், தையல் வெட்டின கையை அவளுக்குக் காட்டி ஏதோ சொன்னார். அவள் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, பகிடி சொல்லி, கடை முழுவதையும் சிரிக்க வைத்தாள். அவள் சொன்ன பகிடி எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்கு இந்த ஊர் பிடித்துப்போயிற்று என்பது மட்டும் விளங்கியது.

பொழுதுபட வெளிக்கிடும்போது காரடியில் அவள் நேரே கேட்டாள். "அப்பா, நாளைக்குச் சொல்லோணும். நான் வரட்டோ, இங்கை நிக்கட்டோ? நான் வாறதுதான் உங்களுக்கு விருப்பமெண்டால் சொல்லுங்கோ, வந்திடுவன்."

வா என்று சொல்லத்தானே அவ்வளவு தூரம் ஓடிப் போனேன்! ஆனால் ஐம்பத்தாறு வருசமாகப் பழகின வாய் முந்திக்கொண்டது. "எங்களைப் பற்றி யோசியாதை பிள்ளை. நாங்கள் சமாளிப்பம். உனக்கு எது நல்லதோ அதைச் செய்."

இனி அவள், "இல்லையப்பா, உண்மையைச் சொல்லுங்கோ" என்று கேட்கவேண்டும். நான் இன்னொருக்கா மறுப்பேன். அவள் விடாமல் நிற்பாள். அதற்குப் பிறகு நான் சொல்லுவேன், உன்னுடைய அறையைப் பூட்டாமல் வைத்திருக்கிறோம் என்று. அந்த வசனம் நாக்கு நுனியில் நின்றது.

அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். "தாங்க்ஸ் அப்பா. நீங்கள் கோவிப்பியள் எண்டு பயந்துகொண்டிருந்தனான்." கண் கலங்கியிருந்தது. அவ்வளவு சந்தோசமாக அவளை நான் கனகாலம் பார்க்கவில்லை.

மொன்றியல் பாலத்தில் ஏறும்போது மனுசி கேட்டாள். "ஏனப்பா அப்பிடிச் சொன்னீங்கள்?"

"நீ சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டாந்தரம் கேப்பாள், அப்ப சொல்லுவம் எண்டு நிண்டனான்."

வீட்டுக்குள் கால்வைக்கவும் போன் அடித்தது. அவள்தான். "அப்பா, போய்ச் சேர்ந்திட்டீங்களோ?"

"ஓம், பிள்ளை."

"குரல் ஒரு மாதிரிக் கிடக்கு. என்னட்டை ஏதும் சொல்லோணுமோ?"

மனுசி பக்கத்தில் வந்து, சொல்லுங்கோ என்று கையைக் காட்டினாள்.

"ஒண்டுமில்லையம்மா" என்றேன்.

"சரி அப்பா. குட் நைட்."

போனை வைத்துவிட்டாள். நான் ரிசீவரைக் காதில் இருந்து எடுக்காமல், அவள் இன்னொருக்கா கேட்பாள் என்று நின்றுகொண்டே இருந்தேன்.