முயலைப் பழிவாங்கிய வரலாறு

இனி நான் சொல்லப்போவதை இராஜபாளையத்தில் ஒரு ஆள்கூட நம்பப்போவதில்லை. இருந்தாலும் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டு முயலுக்குப் பெயர் சமீன்தார். பிஸ்கட் தவிர எதையும் மதிக்கமாட்டார்.

"புல்லு திங்காட்டி பல்லு வளந்துக்கிட்டே போகும். பொறவு வாயவே தொறக்க முடியாது" என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார்.

கிருஷ்ணன்கோவில் வரை போய் ஒரு லாரி நிறைய அருகம்புல் அறுத்து வந்தேன். சமீன்தார் அதன்மேல் ஒன்றுக்குப் போனார். பிறகு என் சாப்பாட்டுப் பையைக் கடித்து, டப்பாவை உருட்டித் திறந்து, மதியத்துக்கு வைத்திருந்த சப்பாத்தியைத் தின்றார்.

ஏழு தலைமுறைக்கும் மறக்காத பழி வாங்குவதென்று அன்றே சபதம் எடுத்தேன்.

கொடுத்தால் தின்னாதவர், திருடினால் தின்பார். ஆகவே இன்று காலை அதே டப்பாவில் புல்லை அடைத்து, பையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் பதுங்கினேன். வந்தார். திருடினார். பாதி டப்பாவைக் காலி செய்தார்.

வெற்றிக் களிப்பில் பையைத் தூக்கிக்கொண்டு நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி கம்பெனிக்குக் கிளம்பினேன்.

மதியம் எல்லோர் முன்னாலும் டப்பாவைத் திறந்தேன்.

"என்ன அண்ணாச்சி, வீட்ல சண்டையா?" என்றான் பக்கத்து மெஷின்காரன்.

வீட்டுக்குப் போன் போட்டேன். "சப்பாத்தி அடுப்படியிலயே இருக்கு. முயலு தின்னுருச்சுல்ல, நீங்களும் தின்னுங்க" என்றாள் மனைவி.

லாரி பொய். கிருஷ்ணன்கோவிலும் பொய். பசி தாங்காமல் சமீன்தாரின் மிச்சத்தில் இரண்டு வாய் தின்றது மட்டும் உண்மை.

அருகம்புல்லுக்கு எதைத் தொட்டுக்கொள்ளலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.