மூன்றாவது டியூப்

வாய்ப்புண்ணைப் பார்ப்பது பல் மருத்துவரின் வேலை; மருந்தகத்தில் கேட்ட களிம்பைக் கொடுத்தால் போதும். ஈப்போ அரசாங்க அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் விதியைக் காட்டியே மனிதர்களைத் திருப்பி அனுப்பியவன் நான். எனக்கு இது நன்றாகத் தெரியும்.

ஈப்போவுக்குப் பக்கத்து ஊரான லகாட்டில், மருந்தகத்து அம்மாளுக்குத்தான் தெரியவில்லை. ஒல்லியான உருவம்; கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. எந்த மருந்தை விற்றாலும் பெட்டியின் மேல் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதித்தான் கொடுப்பார். மூன்றாவது டியூப் வாங்கப் போனபோது, நான் காட்டிய முதல் டியூப்பின் பெட்டியில் அந்தத் தேதியைப் படித்தார்.

"அஞ்சு வாரமாச்சே அங்கிள், இன்னும் ஆறலையா?"

"பல்செட்டு உரசுதும்மா. நகம் தேய்க்கிற அரத்தால நானே தேச்சுட்டேன்."

"கெட்டிக்காரருலா. வாயத் திறங்க."

டார்ச் அடித்துப் பார்த்தவர் டியூப்பை மறுபடி அலமாரியில் வைத்தார்.

"மருந்து கிடையாது. பக்கத்துல வெள்ளையா இருக்கு. சூராட் எழுதித் தாரேன், நாளைக்கே பல் கிளினிக் போங்க."

"கடிதம் எழுத உங்களுக்கு அதிகாரம் இருக்கா?"

"புண்ணுக்கு அதெல்லாம் தெரியாதுலா அங்கிள்."

அந்தக் கடிதத்தைக் கிளினிக்கில் யாரும் திருப்பி அனுப்பவில்லை. சிறிது சதையை வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். காத்திருந்த நாட்களில் மனைவியிடமும் சொல்லவில்லை. விற்பதற்காகக் கடையில் நிற்பவர் விற்க மறுத்ததை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த விதியிலும் அதற்கு இடமில்லை.

புற்று இல்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கலாம், இப்போதே வெட்டி எடுத்துவிடலாம் என்று பதில் வந்தது, தீபாவளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை.