பெட்ரோல் மூடியில் ஒரு துளை

அண்ணனின் மோட்டார் சைக்கிள் பதினோரு மாதம் வெளியூர் போக முடியாமல் நின்றதற்குக் காரணம் அதன் வயது அல்ல. நான்தான். பெட்ரோல் டேங்கின் மூடியில் காற்று போவதற்கென்று இருக்கும் சிறு துளையைத் துணி சோப்பால் அடைத்தவன் நான். அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவருடைய நற்குணங்களைப் படிக்க விரும்புவார்கள். முதலில் இதை எழுதாவிட்டால், அதன் பிறகு நான் எழுதும் எதுவும் உண்மையாக இருக்காது.

அண்ணன் பென்னலூரில் பிறந்தார். மூன்றாண்டுகள் கழித்து நான். அப்பா இறந்தபோது அண்ணன் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார். பள்ளியை விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். "நம்ம வூட்ல ஒருத்தன் வெள்ளச் சட்டை போட்டா போதும்" என்பார். நான் படித்து அறிவியல் ஆசிரியரானேன். பிற்பாடு ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்த அண்ணன், ஓய்வு பெறும்வரை கிரீஸ் கறை இல்லாத சட்டை போட்டதை நான் பார்த்ததில்லை.

அந்த வேலையில் இருந்தபோதுதான் இரட்டை சைலன்சர் வைத்த அந்த வண்டியை வாங்கினார். அண்ணிக்குப் பிறந்த வீடு சிங்கப்பெருமாள் கோவில். கல்யாணமான புதிதில் அண்ணியை அங்கிருந்து அந்த வண்டியில் அழைத்து வந்தபோது, ஒரகடம் வளைவில் அவருடைய செருப்பு ஒன்று கழன்று விழுந்துவிட்டது. புதுப்பெண், சொல்லக் கூச்சம். வீட்டு வாசலில் இறங்கும்போது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. அண்ணன் வந்த வழியே திரும்பிப் போய்த் தேடி எடுத்து வந்தார். அன்று முதல் அண்ணி பின்னால் ஏறியதும், அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "செருப்பப் புடிச்சுக்கோ" என்பார். அண்ணி இரண்டையும் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். தெருவே பார்த்துச் சிரிக்கும்.

பிறகு உதிரி பாகங்கள் கிடைக்காமல் வண்டி பின்பக்கக் கொட்டகைக்குப் போனது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதன் மீது கோழிகள் அடைந்தன. அதற்குள் சுற்றிலும் கம்பெனிகள் வந்துவிட்டன. ஒரகடம் சாலை அகலமாகி, கன்டெய்னர் லாரிகளும் ஷிஃப்ட் பஸ்களும் ஓயாமல் ஓடின. ஓய்வு பெற்ற அண்ணன் மாடியில் அறைகள் கட்டி, தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டார். அந்த வேலையும் முடிந்ததும் ஒரு நாள் வண்டியைக் கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தார்.

பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயும் ஆயிலும் ஊற்றி எட்டு நாள் ஊறவைத்தார். டேங்குக்குள் துரு. சல்லிக்கல்லைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம்.

"இன்னா, ரெண்டு பேரும் புள்ளைய தூளில போட்டு ஆட்டுறீங்களா?" என்றார் அண்ணி.

"ஆமா, உன் ரெண்டாவது புள்ள. தூங்க மாட்டேங்குது" என்றார் அண்ணன்.

"ஓடிச்சின்னா, என்ன எங்க வூட்டுக்கு இதுலதான் இட்டுகினு போவணும். ஷேர் ஆட்டோவுல நசுங்கிகினு போவ என்னால ஆவாது."

"போலாம். செருப்பப் புடிச்சுக்கோ."

கழுவிய டேங்கில் பெட்ரோல் ஊற்றியபோது ஓரத்தில் கசிந்தது. அண்ணன் துணி சோப்பை விரலால் தேய்த்து அதை அடைத்தார். "வாத்தியாரே, பெட்ரோல்ல சோப்பு கரையாது. உன் புஸ்தகத்துல இது கீதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி உயிர்பெற்றது. தெரு முழுக்கப் புகை. மாடியிலிருந்து ஒருவர், "என்ன தாத்தா, கொசு மருந்தா அடிக்கியோ?" என்று கத்தினார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அன்று மாலையே பெங்களூரிலிருந்து அண்ணன் மகள் எனக்குப் போன் செய்தாள். "சித்தப்பா, லாரி போற ரோடு அது. அப்பாவ வண்டிய எடுக்க வுடாதீங்க."

எனக்கும் பயம் இருந்தது. ஆனால் பயம் மட்டும்தான் காரணம் என்று எழுதினால் இந்த மலரில் நான் பொய் எழுதியவனாவேன். என் மனைவி இறந்த பிறகு பக்கத்து வீட்டில் தனியாக இருந்தேன். மாலை முழுவதும் அவர்கள் வீட்டில்தான், சாப்பாடும் அங்கேதான். வண்டி ஓடினால் அவர்கள் இருவரும் கிளம்பிவிடுவார்கள், நான் பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது. எண்ணெய் டின்னில் ஒரே துளை போட்டால் எண்ணெய் சரியாக இறங்காது, காற்று நுழைய இன்னொன்று வேண்டும் என்று வருடா வருடம் எட்டாம் வகுப்பில் செய்து காட்டியவன் நான். அவர்கள் இருவரும் தூங்கிய ஒரு மதியம், டேங்க் மூடியின் துளையில் சோப்பை வைத்து அழுத்தினேன்.

வண்டி கிளம்பும். ஊர் எல்லை தாண்டியதும் பெட்ரோல் இறங்காமல் நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று அண்ணன் மூடியைத் திறந்து பார்ப்பார். காற்று உள்ளே போய்விடும். மறுபடியும் உதைத்தால் கிளம்பும். வீடு வந்து சேரும். அவர் தேடிய குறை, அவர் கை பட்டபோதெல்லாம் சரியாகிக்கொண்டிருந்தது. அதனால்தான் அவ்வளவு பெரிய தொழில்காரருக்கும் அது அகப்படவில்லை.

"பெட்ரோல் கீது, கரன்ட் கீது. இதுக்கு இன்னாடா கோவம்?" என்பார். கார்புரேட்டரை எத்தனை முறை கழற்றினார் என்பதற்குக் கணக்கில்லை. வெள்ளிக்கிழமைகளில் அண்ணி தொடுத்த பூவைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நிற்பார். அண்ணன் ஒரு சுற்றுப் போய்ச் சோதிப்பார், வண்டி நின்று நின்று திரும்பி வரும். "அடுத்த வெள்ளி" என்று அண்ணி அந்தப் பூவைச் சாமி படத்துக்கு வைத்துவிடுவார். ஒரு நாள் அண்ணன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி, "எனக்குக் கை போயிடுச்சுடா" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சோப்பு உதிர்ந்தபோது இரண்டு முறை புதிதாக வைத்தேன்.

அண்ணிக்குச் சிறுநீரகம் கெட்டது. செங்கல்பட்டு மருத்துவமனையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவுரு வண்டிய எடைக்குப் போட்டுடுவேன்றாரு. வுடாதீங்க. நான் அதுல ஒரு தபா போவணும்" என்றார். பத்து நாளில் இறந்துபோனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஊசியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்து, மூடியை அண்ணன் கையில் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவர் மூடியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். காற்று போனது.

"சோப்பா?"

"சோப்புதான்ணா."

"நான் சொல்லிக் குடுத்ததா?"

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு மாதம் என்னிடம் பேசவில்லை. ஆனால் அவரே சமைத்த சாப்பாட்டைத் தினமும் தட்டு போட்டு மூடி என் வாசலில் வைத்துவிட்டுப் போவார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை வெளியே வண்டிச் சத்தம். "ஏறு" என்றார். ஏறினேன். லாரிகளுக்கு வழிவிட்டு, ஓரமாகவே ஓட்டினார். எங்கும் நிற்கவில்லை. ஒரகடம் வளைவு வந்ததும் வேகத்தைக் குறைத்து, திரும்பிப் பார்க்காமல், "செருப்பப் புடிச்சுக்கோ" என்றார்.

சொன்ன பிறகுதான் பின்னால் இருப்பது யாரென்று அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அவர் முதுகு ஒரு முறை குலுங்கியது. நான் இரண்டு செருப்புகளையும் கழற்றி, அண்ணியின் பிறந்த வீட்டு வாசல் வரும்வரை மடியில் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு என்னிடம் பேசினார். மன்னித்தேன் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து, ஒரே நாளில் போய்விட்டார். அன்று நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்போடு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடிய மாடி அறைத் தம்பிகளுக்கும், இறுதிவரை உடன் நின்ற பென்னலூர் பங்காளிகளுக்கும், சிங்கப்பெருமாள் கோவில் சம்பந்தி வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இதை அச்சிடச் சம்மதித்த அண்ணன் மகளுக்கு நான் தனியாகக் கடமைப்பட்டவன்.

வண்டி இப்போது என்னிடம் இருக்கிறது. எனக்கு ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாடித் தம்பி ஒருவர் உதைத்துக் கிளப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். நானாக நிறுத்தும்வரை அது நிற்பதே இல்லை.