முப்பத்தெட்டுப் புள்ளி

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. நல்லூரில் எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, பழைய பாடசாலையின் எழுதுவினைஞர் துரைராசா என்னைக் கூப்பிட்டார். "ரீச்சர், சதாசிவம் மாஸ்டர் மோசம் போயிட்டார். விடியக்காலமை, பெரியாசுப்பத்திரியிலை. நாளைக்குக் கொக்குவிலிலை எடுக்கினம்." சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சொல்லப் போய்விட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, பயம். மாஸ்டருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் பத்து வருடமாக இருந்தது. இனி அது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அந்தக் கடற்கரைப் பாடசாலையில் அவரிடம் கணிதம் படித்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் கனடாவில் இருக்கிறீர்கள், சிலர் வன்னியில், சிலர் எங்கே என்று கேட்கக் கூடாத இடத்தில். பழைய மாணவர்கள் அச்சடிக்கப்போகும் நினைவு மலருக்கு அவருடைய நற்குணங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நற்குணங்கள் இருந்தன, எழுதுகிறேன். ஆனால் அவர் செய்த ஒரு பிழையையும், அதில் எனக்கிருந்த பங்கையும் எழுதாமல் விட்டால் இந்த மலரை மாஸ்டரே திருத்தித் திருப்பி அனுப்பியிருப்பார்.

புள்ளி போடுவதில் அவர் எப்படிப்பட்ட கஞ்சன் என்பது உங்களுக்குத் தெரியும். அரைப் புள்ளி கேட்டுப் போனால் கால் புள்ளி குறைத்து அனுப்புவார். "புள்ளி என்ன எங்கடை அப்பன்ரை சொத்தே, அள்ளிக் குடுக்க?" என்பார். ஒருமுறை ஊரில் செல்வாக்குள்ள ஒரு தகப்பன் பாடசாலைக் கந்தோருக்கு வந்து, மகன் சித்தியடைய இரண்டே இரண்டு புள்ளி போடச் சொல்லிக் கேட்டார். மாஸ்டர் அவரைக் கதிரையில் இருத்தி, வினாத்தாளையும் பேனையையும் கையில் கொடுத்தார். "உந்தக் கணக்கை நீங்கள் செய்யுங்கோ. சரி வந்தா ரெண்டு புள்ளியும் உங்கடை பேரிலை போடுறன்." தகப்பன் எழும்பிப் போய்விட்டார். பக்கத்து மேசையில் தமிழ்க் கட்டுரை திருத்திக்கொண்டிருந்த நான் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

அவருக்கு உண்மையாகக் கோபம் வருவது தரப்படுத்தலைப் பற்றிக் கதைத்தால்தான். ஒரே சோதனை, ஒரே வினாத்தாள். ஆனால் பல்கலைக்கழகம் போக எங்கள் பிள்ளைகளுக்குக் கூடப் புள்ளி வேண்டும் என்று கொழும்பில் கோடு கிழித்தார்களே, அந்தக் கதை. எண்பத்து மூன்றில், ஆடிக் கலவரம் முடிந்து பாடசாலை திறந்த கிழமை, கரும்பலகையில் ஒரே விடையை இரண்டு தரம் எழுதி, ஒன்றுக்குச் சரியும் மற்றதுக்குப் பிழையும் போட்டுக் காட்டினார். "பிள்ளை எழுதினதுக்கு உள்ள புள்ளியை மாத்துறவன் ஆராயிருந்தாலும் கள்ளன்" என்றார். அந்த வகுப்பில் முதல் வரிசை வாங்கில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஜசிந்தா. குருநகரில் ஒரு சம்மாட்டி முதலாளியின் மீன்பிடி வள்ளத்தில் கூலிக்குப் போகும் தகப்பனுடைய மூத்த பிள்ளை. அவள் கணக்குச் செய்யும்போது பென்சில் நிற்காது.

அப்போதெல்லாம் தவணைப் பரீட்சை முடிந்ததும் புள்ளிப் பட்டியலை வாசலுக்குப் பக்கத்து அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம். பெரிய தாளில், முதலாம் பிள்ளை மேலே, கடைசிப் பிள்ளை கீழே. என்னுடைய எழுத்து நல்லதென்று அந்த வேலை எனக்குத்தான். எண்பத்தைந்தில் இரண்டாம் தவணைப் பட்டியல் ஒட்டிய மறுநாள், இடைவேளை நேரம், இரண்டு இளைஞர்கள் பலகைக்கு முன்னால் சைக்கிளைச் சாய்த்து வைத்து, கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டு நின்றார்கள். மரியாதையான பிள்ளைகள். என்னைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவன் எழுதியதைக் கடந்து போகும்போது பார்த்தேன். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் முதல் ஐந்து பெயர்கள், என்னுடைய எழுத்திலிருந்து பார்த்து எழுதியவை. எந்த இயக்கம் என்று நான் எழுதப்போவதில்லை. அப்போது பல இருந்தன, எல்லோருக்கும் கெட்டித்தனமான பிள்ளைகள் தேவைப்பட்டார்கள்.

பதினைந்து நாளில் முதலாம் பிள்ளை வரவில்லை. அதற்கடுத்த கிழமை மூன்றாம் பிள்ளை. ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை. வரவுப் பதிவில் நான் பூச்சியம் போட்டுக்கொண்டே போனேன். அந்தப் பட்டியலில் இரண்டாவதாக இருந்தது ஜசிந்தாவின் பெயர்.

புரட்டாதியில், சாதாரண தரச் சோதனைக்கு முன்னோடிப் பரீட்சை வைத்தோம். மாஸ்டர் கணிதப் புள்ளிகளை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வந்து தந்தார். வாசித்தபோது எனக்கு விளங்கவில்லை. வகுப்பில் ஒருவருமே ஐம்பதைத் தாண்டவில்லை. எல்லோரும் முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஜசிந்தாவுக்கு முப்பத்தெட்டோ, மாஸ்டர்?"

"ஓம். எழுதுங்கோ."

"பேப்பரைக் காட்டுங்கோ பாப்பம்."

"பேப்பர் ஒருத்தருக்கும் இல்லை." கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேலை நிக்கிற பேரைத்தான் எழுதிக்கொண்டு போறாங்கள். ஒருத்தரும் மேலை நிக்காட்டில் என்னத்தை எழுதுறது?"

பிள்ளைகளுக்காவது உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். "ஒரு பிள்ளைக்குச் சொன்னா ஊருக்குச் சொன்ன மாதிரி. சோதினை முடிய நானே ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுச் சொல்லுவன்" என்றார். நான் ஒப்புக்கொண்டேன். முத்துமுத்தாக, அந்தப் பொய்யையெல்லாம் பெரிய தாளில் நான்தான் எழுதினேன்.

பலகைக்கு அந்த இளைஞர்கள் திரும்ப வந்தார்கள். வாசித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், போய்விட்டார்கள். அதிபர் கத்தினார். பெற்றோர் வந்து மாஸ்டரை வைதார்கள். அவர் எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். திட்டம் பலித்துவிட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டோம். இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷம் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் ஜசிந்தா கந்தோர் வாசலில் வந்து நின்றாள். "சேர், என்ரை பேப்பரை ஒருக்காப் பாக்கலாமோ?" அந்த நேரம் பலகையடியில் யாரோ இரண்டு பேர் நின்றார்கள், அதே ஆட்களா, வேறு ஆட்களா என்று எனக்கு நிச்சயமில்லை. மாஸ்டர் அவர்களைப் பார்த்தார். பிறகு அவர்களுக்கும் கேட்கும்படி, "உனக்குக் கணக்கு ஓடாது பிள்ளை. போய் வேற பாடத்தைப் பார்" என்றார். அவள் அழவில்லை. அவருடைய முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு, "சரி சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். விறாந்தையில் என்னைக் கடந்து போனபோதாவது கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை.

மார்கழியில் அவள் சோதனை எழுதினாள். கடைசி நாள் எழுதி முடித்து வெளியே வந்தவளை மாஸ்டர் கூப்பிட்டுச் சொல்ல நினைத்தபோது, ஆமிச் சுற்றிவளைப்பு வருகுது என்று யாரோ கத்த, பிள்ளைகள் நாலு பக்கமும் ஓடினார்கள். தையில் பாடசாலை திறந்தபோது அவள் ஊரில் இல்லை. நத்தார்த் திருநாள் முடிந்த கிழமை தேவாலயப் பூசைக்குப் போவதாகச் சொல்லிப் போனவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அதன் பிறகு மற்றப் பிள்ளைகளுக்கும் அவர் வாய் திறக்கவில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டி வருமே. பெறுபேறு வந்தபோது உங்களில் எத்தனை பேர் மாதா அருள், முருகன் அருள் என்று நேர்த்திக்கடன் தீர்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும். அது அருள் இல்லை, உங்களுடைய சொந்தப் புள்ளி.

ஜசிந்தாவுக்குக் கணிதத்தில் விசேட சித்தி. அந்தப் பெறுபேற்றுத் துண்டைக் கொண்டுபோய்க் கொடுக்க மாஸ்டர் குருநகருக்குப் போனார், துணைக்கு நானும் போனேன். அவளுடைய தாய் சிசிலியா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். மாஸ்டர் கிளாசைத் தொடவில்லை. கையிலிருந்த துண்டை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார், தேத்தண்ணி வந்ததையே கவனிக்கவில்லை. துண்டை நீட்டினார். "பாஸோ, சேர்?" என்று தாய் கேட்டார். "பாஸ்தான் அம்மா. வகுப்பிலை ஆகத் திறம்" என்றார். தாய் அதை வாங்கி, மடித்து வைத்துக்கொண்டார். சொல்லவந்ததைச் சொல்லாமலே மாஸ்டர் எழும்பிவிட்டார். அன்று கொக்குவில்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனார்.

அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதிச் சுவரொன்றில், அஞ்சலிச் சுவரொட்டியில், இயக்கம் வைத்த வேறு ஒரு பெயருக்கு மேலே அவளுடைய முகத்தைப் பார்த்தேன். பாடசாலைக்கு வந்தபோது மாஸ்டரும் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. ஓய்வு பெறும்வரை அவர் பிறகு ஒரு பட்டியலும் ஒட்ட விடவில்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். சண்டை நின்றிருக்கிறது, வெடிச் சத்தம் இல்லை; எவ்வளவு நாளைக்கு என்று ஒருவருக்கும் தெரியாததால் நோயாளர் வாட்டில் எல்லோரும் மெதுவாகவே கதைத்தார்கள். "ரீச்சர், அந்த வகுப்புப் பேரையெல்லாம் வரிசையாச் சொல்லுங்கோ" என்றார். வரவுப் பதிவு எனக்கு இன்னும் மனப்பாடம். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் முன்னோடிப் பரீட்சையின் உண்மையான புள்ளியைச் சொன்னார். ஒன்றுக்கும் யோசிக்கவில்லை. ஜசிந்தாவின் பெயருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். "தொண்ணூற்றாறு. தாயிட்டைச் சொல்லிப்போடுங்கோ. நான் ரெண்டு தரம் போய், ஒழுங்கை முனையோடை திரும்பிட்டன்."

செத்தவீடு முடிந்த மறுநாள் குருநகருக்குப் போனேன். சிசிலியாவுக்கு வயது போய்விட்டது, ஆனால் பேச்சில் தளர்ச்சி இல்லை. ஏன் குறைத்தார், யாருக்குப் பயந்து குறைத்தார், நான் எப்படி எழுதினேன், உண்மையான புள்ளி எத்தனை, எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டு முடித்தார்.

"அவளுக்குத் தெரியும் ரீச்சர், தான் சரியாத்தான் செய்தனான் எண்டு. வீட்டை வந்திருந்து எல்லாக் கணக்கையும் திரும்பச் செய்து பாத்தவள். கடற்கரைப் பிள்ளைக்கு முப்பத்தெட்டுப் போதுமெண்டு சேர் நினைச்சிட்டார் எண்டு சொன்னவள். கொழும்பான் வெட்டினாத் தரப்படுத்தல் எண்டு கத்தினம், கொக்குவிலான் வெட்டினா ஆரிட்டைப் போய்க் கத்திறது எண்டு கேட்டவள்." பிறகு சொன்னார், "நானும் இண்டைவரைக்கும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருந்தனான். அண்டைக்கு நான் வைச்ச தேத்தண்ணியையும் அவர் குடிக்கேல்லைத்தானே."

பத்து வருடத்தில் நானும் மாஸ்டரும் எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறோம்: அவள் மனம் உடைந்து போனாளோ, பயந்து போனாளோ, யாராவது ஏமாற்றினார்களோ என்று. இந்த ஒரு காரணம் எங்கள் இரண்டு பேருடைய தலையிலும் ஒருநாளும் ஏறவில்லை. கொக்குவிலிலும் நல்லூரிலும் மேல்சாதியில் பிறந்தவர்களுக்கு அது ஏறத் தேவையும் இருக்கவில்லை. மாஸ்டர் இதைத் தெரியாமலே போனது நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். உடனே என்மேலேயே ஆத்திரம் வந்தது. அவர் தெரிந்துகொண்டுதான் போயிருக்க வேண்டும்.

படலைவரை வந்த சிசிலியா, "எத்தினை எண்டு சொன்னனீங்கள்?" என்று திரும்பக் கேட்டார்.

"தொண்ணூற்றாறு."

"மிச்சம் நாலுக்கும் என்ன பிழை விட்டவள்?"

ஒரு பிள்ளையின் புள்ளியைக் கேட்ட எந்தத் தாயும் கேட்கிற கேள்விதான். அவருடைய முகத்தில் முதல் தடவையாக ஒரு சின்னப் பெருமை தெரிந்தது. மாஸ்டர் விட்டுப் போனதில் என்னிடம் இருப்பவை உங்களுடைய உண்மையான புள்ளிகள்தான். கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்வேன். அந்த நாலு புள்ளியும் எந்தக் கணக்கில் போயின என்று தெரிந்த ஒரே மனிதரைப் புதன்கிழமை கொக்குவிலில் எரித்துவிட்டோம்.