வெட்டி எறிந்த மேல் ஜெல்

தொண்ணூறுகளின் இறுதியில் பெங்களூரின் ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, காசநோய்க் கிருமியின் சவ்வில் பதிந்திருக்கும் புரதம் ஒன்றை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கோட்டையின் வாயிலை ஆராயாமல் கோட்டையைப் பிடிப்பது எங்ஙனம் என்று நேர்முகத் தேர்விலேயே முழங்கியவன் நான். கல்லூரி விவாத மேடைகளில் வென்ற கோப்பைகள் தந்த துணிச்சல் அது.

கிருமியை நாங்கள் தொடவில்லை. அந்தப் புரதத்துக்குரிய மரபணுவை மட்டும் தீங்கற்ற வேறொரு பாக்டீரியாவுக்குள் செலுத்தி, அப்புரதத்தை அதனிடம் செய்விக்க வேண்டும். செய்ததா இல்லையா என்பதை ஜெல் காட்டும். கண்ணாடித் தகடுகளுக்கிடையே உறைந்த ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சினால், புரதங்கள் அளவுக்கேற்பப் பிரிந்து இறங்கும்; சாயமேற்றினால் நீலப் பட்டைகளாகத் தெரியும். என் புரதத்துக்குரிய இடமோ மாதக்கணக்கில் வெறுமையாகவே இருந்தது.

ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் கெடு விதித்தார். அடுத்த சனிக்கிழமை பட்டையைக் காட்ட வேண்டும். இல்லையேல் இதைக் கைவிட்டு, நீரில் எளிதில் கரையும் வேறொரு புரதத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எழுந்தேன். நோயாளிகளின் இருமலில் தொடங்கி, அறிவியலுக்கு வேண்டிய பொறுமையில் முடித்தேன். குரல் தாழ வேண்டிய இடத்தில் தாழ்ந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கன்னடத்தில் சொன்னார்:

"சென்னாகி மாத்தாட்தீயா. பேண்ட் எல்லி?"

நன்றாகப் பேசுகிறாய், பட்டை எங்கே என்றார்.

நகரின் ரிச்சர்ட்ஸ் டவுன் பகுதியிலிருந்து வரும் மூத்த ஆய்வாளரை நாங்கள் அக்கா என்போம். வெளியே வந்ததும் அவர் விடவில்லை.

"இவ்ளோ நல்லா பேசுறியே, அந்த ஜெல்லு முன்னாடி நின்னு ஒருவாட்டி பேசிப் பாரேன்ப்பா. கேட்டாலும் கேக்கும்."

நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் புரதத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை.

விவாதத்தில் எதிரணியின் கூற்றைவிட, இரு அணியும் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட கூற்றையே முதலில் சோதிக்க வேண்டும். எங்கள் கூடத்தில் அப்படி இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஜெல்லில் ஏற்றுமுன் புரதக் கலவையைக் கொதிநீரில் வைப்போம்; ஓடி முடிந்ததும், கலவையை ஊற்றும் குழிகள் உள்ள மேல்பகுதியை வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு எஞ்சியதற்கே சாயமேற்றுவோம். ஏனென்று எவரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இம்முறை வெட்டப்போவதில்லை என்றேன்.

"அதுல என்னப்பா இருக்கு? ஸ்டெயின்தான் வேஸ்ட்டு," என்றார் அக்கா.

சாயம் கழுவப்பட்டுத் தெளிந்தபோது, என் குழியின் அடியில் கருநீலமாக ஒரு திட்டு அடைந்து கிடந்தது. ஒப்பிடுவதற்காக ஏற்றிய, மரபணு செலுத்தப்படாத பாக்டீரியாவின் குழியோ தெளிவாக இருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள சவ்வில் வாழும் புரதம், கொதித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது. கட்டியானது ஜெல்லுக்குள் நுழைவதில்லை. அத்தனை மாதங்களும் என் புரதத்தை நானே குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கொதிக்க வைக்காமல், வெதுவெதுப்பான நீரில் மட்டும் வைத்து ஏற்றினேன். உரிய இடத்தில் பட்டை நின்றது. அக்கா ஜெல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; பிறகு போய்த் தம் பழைய புரத மாதிரிகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தார்.

சனிக்கிழமை பேராசிரியர் அந்த ஜெல்லை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் நோக்கினார். பாராட்டவில்லை. அது என் புரதம்தான் என்பதற்குச் சான்று என்ன என்று கேட்டார். நீரில் கரையும் அந்தப் புரதத்தைப் புதிதாகச் சேர்ந்த மாணவிக்கு ஒதுக்கினார்.

அவர் கேள்வி நியாயமானது. அன்று பிற்பகலே அந்தச் சான்றுக்கான அடுத்த ஜெல்லை ஊற்றினேன்.