கிளாஸ் கழுவுகிற காட்சி

தியேட்டரில் எல்லாரும் அவரைக் 'கத்தரி' என்றுதான் கூப்பிடுவார்கள். புரொஜெக்டர் ஓட்டுவது அவர் வேலை. படத்தை வெட்டுவது அவராக இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சியில் ஜனம் எங்கே கொட்டாவி விடுகிறது, எங்கே ஊளையிடுகிறது என்று சுவர் ஓட்டை வழியே பார்ப்பார். அடுத்த காட்சிக்குள் அந்தத் துண்டு ஃபிலிம் தரையில் கிடக்கும். காட்சி சீக்கிரம் முடிவதால் முதலாளிக்கும் சந்தோஷம். "எடுக்கிறவன் தொளதொளன்னு எடுத்துடறான், நான்தான் பிடிச்சுத் தைக்கிறேன்" என்று கத்தரி பீற்றிக்கொள்வார். கதைப் புத்தகமா? அதெல்லாம் வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு என்பது அவர் கட்சி.

அந்த வாரம் வந்தது ஒரு பழைய நாவலைப் படமாக்கியது. அதில் ஒருத்தி அடுப்படியில் நின்று ஒரு கண்ணாடி கிளாஸைக் கழுவுகிறாள். பேச்சில்லை, பாட்டில்லை. கழுவுகிறாள், துடைக்கிறாள், அலமாரியில் கவிழ்க்கிறாள்.

"ஏம்மா, சோப்பு தீர்ந்துபோச்சா?" என்று கீழே ஒருத்தன் கத்த, அரங்கமே சிரித்தது. கத்தரியும் வயிறு குலுங்கச் சிரித்தார். காட்சி முடிந்ததும் அதை வெட்டிப் போட்டார்.

மறுநாள் அவருடைய அக்கா படத்துக்கு வந்தாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்பவள். தம்பியோடு ஒரே வீட்டில் இருப்பவள். சினிமா பக்கமே வராதவள், அந்த நாவலை மட்டும் அட்டை கிழியக் கிழிய ஒட்டிப் படித்தவள். வெளியே வந்தபோது அவள் முகம் விழுந்துபோயிருந்தது.

"எல்லாம் இருந்துச்சு, அவ கிளாஸ் கழுவுற இடத்தைத்தான் காணோம்டா. அதைப் பார்க்கத்தான் வந்தேன். படம் எடுத்தவனுக்குப் புத்தகமே புரியல போல!"

"அப்படித்தான் இருக்கும்க்கா" என்றார் கத்தரி, கூசாமல்.

ஆனால் மனசு உறுத்தியது. அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் பாழாய்ப்போன கிளாஸில்? அக்கா வேலைக்குப் போனதும் புத்தகத்தை எடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தவருக்கு அந்த இடத்துக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

கப்பலேறிப் போன புருஷன் கடைசியாகத் தண்ணீர் குடித்த கிளாஸ் அது. கழுவாமலே வைத்திருக்கிறாள். "வந்துடுவார்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள். ஒருநாள் சத்தமில்லாமல் எடுத்துக் கழுவிவிடுகிறாள். அவ்வளவுதான், இனி அவள் காத்திருக்கப்போவதில்லை. அது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

கத்தரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அத்தானும் வெளியூர் வேலைக்கென்று போனவர்தான், திரும்பவே இல்லை. அக்கா எந்த நாளில் காத்திருப்பதை விட்டாள்? ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு ஒரு தரமாவது கேட்டிருப்பாரா? சீ, நானும் ஒரு தம்பி என்று அவருக்கே தன்னைப் பிடிக்கவில்லை.

தியேட்டருக்கு ஓடினார். நல்லவேளை, இன்னும் பெருக்கவில்லை. மேஜைக்கடியில் கிடந்த துண்டை விளக்கில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் படுவதற்கு முன் அவள் கட்டைவிரல் கிளாஸின் விளிம்பைத் தொட்டு, கொஞ்சம் தயங்குகிறது. முன்பு பார்த்தபோது வெறும் சோப்பு நுரைதான் கண்ணில் பட்டிருந்தது.

ஒட்டினார். அக்காவை இன்னொரு தரம் வரச் சொன்னார். அந்த இடம் வந்ததும் பழையபடி ஊளை. இறங்கிப்போய் நாலு அறை விடலாமா என்று கை பரபரத்தது. ஆனால் அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பும் இதேதானே?

படம் முடிந்து அக்கா மாடியேறி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அன்னிக்கு இது இல்லையே?"

"நான்தான்க்கா வெட்டினேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"எனக்கு ஒட்டிக் குடுத்துட்டே, சரி. இத்தனை வருஷமா வெட்டினியே, அதையெல்லாம் பார்க்கன்னு ஆசையா யாராவது வந்திருப்பாங்களேடா?"

கத்தரி தலையைத் தூக்கவில்லை. "குப்பைல போட்டுட்டேன்க்கா" என்றார்.