பெரியக்கா போட்ட படுக்கை

உள்ளங்கையைத் தட்டையாக்கி, மெத்தைக்கும் கட்டில் பலகைக்கும் நடுவே ஒரே வீச்சில் செருகுகிறார் பெரியக்கா. கை போன வழியே விரிப்பும் உள்ளே போகிறது. கால்மாட்டு மூலைக்கு வந்ததும் துணியைத் தூக்கி முக்கோணமாக மடித்து, மிச்சத்தை அடியில் தள்ளி, மடிப்பின் மேல் ஒரு தட்டுத் தட்டுகிறார். பிறகு அடுத்த மூலை. தலையணையை மார்போடு அணைத்து உறையை இழுத்துவிட்டு, உறையின் வாய் வாசல் பக்கம் பார்க்காதபடி வைக்கிறார். "ஆச்சு. அடுத்த ஆளக் கூப்பிடு" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

கூப்பிட அங்கே ஆள் இல்லை. அது ஆஸ்பத்திரியும் இல்லை. பழைய கால்வாய் நகரம் ஒன்றில், தண்ணீருக்குள் படி இறக்கி நிற்கும் மாளிகை அது. எந்தக் காலத்திலோ ஒரு துணி வியாபாரி தன் படகுகள் வாசலிலேயே வந்து நிற்க வேண்டும் என்று கட்டிய வீடு. இப்போது வசதி படைத்தவர்கள் வந்து தங்குகிற விருந்தினர் விடுதி. பெரியக்கா ஆஸ்பத்திரி வார்டு ஆயா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், தம்பியும் தங்கையும் சேர்ந்து அங்கே அவருக்கு அறை பிடித்துக் கொடுத்தார்கள். துணைக்குத் தங்கையும் வந்திருந்தாள். "அங்க போய் நீ ஒரு துரும்பைக் கூட நகர்த்தக் கூடாது" என்பது தம்பியின் கட்டளை. தம்பி கட்டளையிட்டுவிட்டு ஊரிலேயே தங்கிவிட்டதால் அதற்கு அதிகம் மதிப்பில்லாமல் போயிற்று.

பெரியக்கா என்பது வீட்டில் வைத்த பெயர்தான். ஆனால் தங்கை ஒரு நாள் சாப்பாடு கொடுக்க வார்டுக்குப் போய் "பெரியக்கா" என்று குரல் கொடுக்க, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அன்று முதல் தலைநரைத்த டாக்டரும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார். கட்டையான உருவம், குட்டையாக வெட்டிய நகங்கள், கழுத்துச் சங்கிலியில் கொத்தாக ஊக்குகள். நடைபாதையில் அவர் எப்போதும் சுவரை ஒட்டியே நடப்பார். நடுவில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு வருபவர்களுக்கு வழிவிட்டுப் பழகிய நடை அது. விடுதியின் நடைபாதையில் நாலு பேர் கைகோத்துப் போகலாம். அங்கேயும் பெரியக்கா சுவரோடு சுவராகத்தான் போனார். எதிரே வந்த விருந்தாளிகள் அவர் சுவர் ஓவியங்களை ரசிக்கிறார் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கினார்கள்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டிலுக்கு ஏறவே இரண்டு மரப்படிகள். குளியலறை அவருடைய வீட்டுக் கூடத்தைவிடப் பெரிது. விதானத்தில் கண்ணாடிச் சரவிளக்கு. முதல் நாள் தங்கை அதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றபோது, பெரியக்கா கேட்ட கேள்வி: "இதுல தூசி தட்டறது யாருடி? ஏணி போட்டா ஏர்றாங்க?" கட்டிலுக்கு எதிரே வியாபாரியின் பெரிய படம் தொங்கியது, மீசையும் பட்டு அங்கியுமாக உலகத்தையே விலைக்கு வாங்கிவிட்ட பார்வை. பெரியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "கண்ணு மஞ்சப் பூத்திருக்கு. கால் வேற வீங்கியிருக்கு. யாரும் கவனிக்கல பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டு வந்தார்.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். படுக்கை போட்ட கையையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். தங்கை குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெரியக்கா படுக்கையைப் போட்டுவிடுவார். போட்ட போடு எப்படி? மூன்று பக்கமும் இறுக்கி, மேளத்துத் தோல் மாதிரி. முதல் நாள் மத்தியானம் சாய்ந்துகொள்ள வந்த தங்கையால் போர்வைக்குள் கால் நுழைக்க முடியவில்லை.

"என்னக்கா இது? படுக்கையா, இல்ல பார்சலா?"

"நோயாளி பொரண்டு விழக் கூடாதுல்ல."

"யாருக்கா நோயாளி?"

 பெரியக்கா, கால்மாட்டில் தங்கை உதைத்து அவிழ்த்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடி அறைகளைக் கூட்டித் துடைத்துப் படுக்கை போடுவதற்கென்று ஒருத்தி இருந்தாள். ஒல்லியான, சுறுசுறுப்பான பெண். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. வண்டியைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்தவள், படுக்கை பளிச்சென்று கிடப்பதைப் பார்த்துத் திகைத்தாள். பிறகு சந்தோஷப்பட்டாள். வலிய வந்த சீதேவியைக் காலால் உதைப்பவர் யார்? தரையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் அப்படியே.

அவள் மறந்தது ஒன்றுதான். அந்த வீட்டுக்கென்று படுக்கை போடுகிற முறை ஒன்று உண்டு. விரிப்பின் இரு பக்கமும் இறுக்கப்படாமல் தரைவரை தொங்க வேண்டும். மேல் போர்வையின் ஒரு ஓரம், ஜன்னல் பக்கமாகப் புத்தகத்தின் தாள் போல மடிந்திருக்க வேண்டும். வியாபாரியின் மனைவி காலத்திலிருந்து அப்படித்தானாம். இடுப்பில் சாவிக்கொத்தோடு வளைய வரும் மேற்பார்வை அம்மாள், விருந்தாளிகள் வெளியே போனதும் ஒவ்வொரு அறையாக அதைச் சரிபார்ப்பார்.

மூன்றாம் நாள் காலை. பெரியக்கா காப்பி குடித்த கோப்பையைத் தானே கழுவிக் கொடுத்துவிடலாம் என்று பின்படி வழியாக இறங்கினார். முன்படியில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தை மிதிக்க அவருக்கு மனசு வருவதில்லை. கீழே துணிமணி அறையின் கதவு பாதி திறந்திருந்தது.

"என் கண்ணுலயே மண்ணைத் தூவறியா? நேத்து மாடியில நான் பாத்த படுக்கை உன் கைவேலை இல்ல. யாரை உள்ள விட்ட?" மேற்பார்வை அம்மாளின் குரல்.

"யாரையும் விடல மேடம். நான் போறப்பவே படுக்கை போட்டிருந்துச்சு. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"யாரு போட்டாங்க? விருந்தாளியா? இங்க வர்றவங்க கீழ விழுந்த கைக்குட்டையைக் கூடக் குனிஞ்சு எடுக்க மாட்டாங்க. படுக்கை போட்டாங்களாம், படுக்கை! போன தடவை பிள்ளைக்குக் காய்ச்சல்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம உன் நாத்தனாரை அனுப்பிவெச்சியே, ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவளை, அவ போட்ட மடிப்புதான் இது. அச்சு அசல். அன்னிக்கே சொன்னேன், இன்னொரு தரம் வெளியாளு உள்ள வந்தா உனக்கு வேலை இல்லைன்னு. விருந்தாளிங்க நகை நட்டு கிடக்கற அறைம்மா அது. நாளையிலேருந்து வராதே."

அந்தப் பெண் அழுகிற சத்தம் கேட்டது.   பெரியக்கா கோப்பையைப் படியிலேயே வைத்தார். உபகாரம் என்று நினைத்து ஒருத்தியின் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"அந்தப் பொண்ணை ஒண்ணும் சொல்லாதீங்க. படுக்கை போட்டது நான்தான்."

மேற்பார்வை அம்மாளின் முகம் ஒரு நொடியில் விருந்தாளிகளுக்கான முகமாக மாறியது. "நீங்க ஏன் மேடம் இந்தப் பக்கம்... உங்களுக்கு இளகின மனசு, புரியுது. ஆனா இவளுக்காக நீங்க பொய் சொல்ல வேண்டாம்."

"பொய்யா? வாங்க மேல. போட்டுக் காட்டறேன்."

மூன்று பேரும் படியேறினார்கள். பெரியக்கா முன்னால், சுவரை ஒட்டி. அறைக் கதவைத் திறந்தால், காலைச் சாப்பாட்டுக்குப் பின் தங்கை மறுபடி படுத்து, போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். படுக்கை ஒரே அலங்கோலம்.

"தூங்கறாங்களே. அப்புறமா..." என்று மேற்பார்வை அம்மாள் பின்வாங்கினார்.

"தூங்கட்டும். அதனால என்ன? எங்க வார்டுல எல்லாரும் எந்திரிச்சு நின்னா படுக்கை மாத்தினோம்?"

சொல்லிக்கொண்டே பெரியக்கா நடைபாதையில் நின்ற வேலைப்பெண்ணின் வண்டியிலிருந்து வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு மரப்படியில் ஏறினார். தங்கையின் தோளில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. "அப்படியே ஒருக்களிச்சுப் படுடி கண்ணு. வலிக்காது." தங்கை தூக்கத்திலேயே புரண்டாள். பழைய விரிப்பை அவள் முதுகுவரை சுருட்டி, புதியதைப் பாதி விரித்து இறுக்கினார். மறுபக்கம் போய் அவளை இந்தப் பக்கம் புரட்டி, பழையதை உருவிப் புதியதை இழுத்தார். கை வீச்சு, முக்கோணம், ஒரு தட்டு. அப்போதுதான் தங்கைக்கு விழிப்பு வந்தது. தலைமாட்டில் அக்காவும், கால்மாட்டில் சாவிக்கொத்தோடு ஓர் அம்மாளும், வாசலில் அழுத முகத்தோடு ஒரு பெண்ணும் நிற்பதைப் பார்த்து அலறிவிட்டாள்.

"ஐயோ அக்கா! எனக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. படு."

மேற்பார்வை அம்மாள் குனிந்து கால்மாட்டு மூலையைப் பார்த்தார். மடிப்பை விரலால் தடவினார். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சாவிக்கொத்து குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வாசலில் நின்ற பெண்ணுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முகத்தை மேலங்கியில் புதைத்துக்கொண்டாள்.

"நான்தான் அவசரப்பட்டுட்டேன்மா. மனசுல வெச்சுக்காதே. வண்டியை எடு, அடுத்த அறையைப் பாரு" என்றார் மேற்பார்வை அம்மாள் அவளிடம். "ஆனா இவங்க போட்டிருந்தாலும் நீ கலைச்சு நம்ம முறைப்படி போட்டிருக்கணும். அது உன் தப்பு." அவள் வேகமாகத் தலையாட்டினாள். பெரியக்காவுக்கு வயிற்றில் பாலை வார்த்தது போல் இருந்தது. மரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நடந்ததைக் கேட்டுவிட்டுத் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "ராணி மாதிரி இருன்னு கூட்டிட்டு வந்தா, இங்கயும் வந்து வேலை பாத்து, வேலை பாக்கறவ வேலைக்கே உலை வெக்கப் பாத்தியே!"

சாயங்காலம் துண்டு மாற்ற வந்த வேலைப்பெண் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தாள். "கோவிச்சுக்காதீங்கம்மா. நாளைக்கும் போட்டுறாதீங்க. கலைஞ்சது கலைஞ்சபடி கிடக்கட்டும். கலைஞ்சு கிடந்தாதான் எனக்குச் சோறு."

"பழக்கதோஷம்மா. கலைஞ்ச படுக்கையைப் பாத்தா கை துறுதுறுங்குது. எங்க வார்டுல ஒரு கட்டில் காலியானா, வெளியில வராந்தாவுல ஒருத்தர் நின்னுட்டிருப்பாங்க. பிள்ளையைத் தூக்கிட்டு, சுவத்துல சாஞ்சுட்டு, எப்ப இடம் கிடைக்கும்னு. நான் மடிப்பு ஒண்ணு போடற நேரம் அவங்களுக்கு நிக்கற நேரம். நினைச்சா இப்பவும் பகீர்ங்குது."

அந்தப் பெண் கதவைத் திறந்து நடைபாதையைக் காட்டினாள். "இங்க யாரும் நிக்கலம்மா. நீங்களே பாருங்க."

பெரியக்கா பார்த்தார். கம்பளமும் விளக்குகளும் மட்டும் நீளமாகப் போயின. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலை, படுக்கை போட்டுவிடக் கூடாதென்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருக்க முடியாமல் போய், கலைந்த படுக்கையிலேயே ஏறிப் படுத்தார். கால்வாய்த் தண்ணீரில் பட்ட வெயில் விதானத்தில் நெளிந்துகொண்டிருந்தது. காய்கறிப் படகு ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அதைக் கேட்டபடியே தூங்கிப்போனார். அக்கா பகலில் தூங்கி அதுவரை பார்த்தறியாத தங்கை, பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டாள்.

கிளம்புகிற நாள் வந்தது. வாசற்படியில் படகு காத்திருந்தது. பெட்டிகள் இறங்கிவிட்டன. கீழேயிருந்து தங்கை, "அக்கா, வர்றியா இல்லியா? படகு போயிரும்!" என்று கத்தினாள். கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் பெரியக்கா அறையில் பின்தங்கினார். கண்ணாடி தலையணைக்கு அடியில் இருந்தது. எடுத்துப் போட்டுக்கொண்டு, வியாபாரியின் படத்துக்கு "உடம்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், படுக்கை போட்டாகிவிட்டது. மூன்று பக்கமும் இறுக்கி, மூலைகள் முக்கோணமாக. எப்போது போட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

கதவைத் திறந்து நடைபாதையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எட்டிப் பார்த்தார். யாரும் நிற்கவில்லை. பெரியக்கா திரும்பி வந்து, கால்மாட்டு மூலையை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தார். விரிப்பைக் கசக்கினார். தலையணையில் ஒரு குத்து விட்டுப் பள்ளம் பண்ணினார். பள்ளம் போதாதென்று தோன்றியிருக்க வேண்டும், இன்னொரு குத்தும் விட்டார். பிறகு சிவப்புக் கம்பளத்தின் நட்டநடுவே நடந்து, முன்படி வழியாக இறங்கிப் போனார்.